மூன்றில் ஒன்றே அதிகம்: நோய்ப் படுக்கையில் ஸஃத் இப்னு அபீவக்காஸ் (ரழி) கேட்ட கேள்வி

ஒரு வீட்டில் வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ கடுமையான நோய் என்று தெரியவந்துவிட்டால், அதன்பிறகு அந்த வீட்டில் எல்லாவற்றையும் பற்றிப் பேசுவார்கள். எந்த வைத்தியசாலை, எந்த டொக்டர், எந்த மருந்து, யார் இரவில் துணைக்கு நிற்பது என்றெல்லாம் பேச்சு நடக்கும். காணி, வீடு, கடன், கொடுக்கல் வாங்கல் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. பேசினால் மௌத்தை எதிர்பார்ப்பது போலாகிவிடும் என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். பேசினால் பிள்ளைகளுக்குள் பிரச்சினை வரும் என்று நோயாளி பயப்படுவார். கடைசியில் ஜனாஸா அடக்கி நாற்பது நாள் போவதற்கு முன்னரே, யாரும் பேசாமல் விட்ட அந்தப் பேச்சு சண்டையாக வெடிக்கும்.

இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். நோய் வந்ததும் ஆகிரத்தின் பயத்தில் இருப்பதையெல்லாம் பள்ளிவாசலுக்கும் மத்ரஸாவுக்கும் எழுதிவிடத் துடிப்பவர்கள் அவர்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் வீட்டுக்குள் இருக்கும் மனைவியும் மகளும் நாளை யாரிடம் போய் நிற்பார்கள் என்ற கணக்கு அந்த நேரத்தில் அவர்களது மனதில் வருவதில்லை.

இந்த இரண்டு நிலைக்கும் பதில் ஒரு ஸஹாபியின் வாழ்க்கையில் இருக்கிறது. சுவனம் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவரான ஸஃத் இப்னு அபீவக்காஸ் (ரழி) அவர்களை நாம் பெரும்பாலும் காதிஸிய்யாவின் தளபதியாகவும், அல்லாஹ்வின் பாதையில் முதல் அம்பை எய்தவராகவும் அறிந்து வைத்திருக்கிறோம். நோயாளியாகப் படுத்திருந்த ஸஃத் (ரழி), மகளின் எதிர்காலத்தை யோசித்த வாப்பாவான ஸஃத் (ரழி), பிள்ளைகளுக்கு துஆ சொல்லிக்கொடுத்த ஆசிரியரான ஸஃத் (ரழி) ஆகியோரை நாம் குறைவாகவே பேசுகிறோம். இந்தக் கட்டுரை அந்தப் பக்கத்தைப் பற்றியது.

அம்பு செய்த இளைஞர்

ஸஃத் (ரழி) அவர்கள் குறைஷிகளில் பனூ ஸுஹ்ரா கிளையைச் சேர்ந்தவர்கள். நபி (ஸல்) அவர்களின் தாயார் ஆமினா அவர்களும் அதே கிளை. அந்த உறவினால் நபியவர்கள் ஸஃத் (ரழி) அவர்களைத் தனது தாய்மாமன் என்று பெருமையோடு சொல்வார்கள். வயதில் ஸஃத் (ரழி) அவர்களே பல வருடங்கள் இளையவர்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

அம்பு செய்வது அவர்களது தொழில் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. சுமார் பதினேழு வயதில் இஸ்லாத்தை ஏற்றார்கள். ஏற்றவர்களின் எண்ணிக்கையை ஒரு கை விரல்களில் எண்ணிவிடக்கூடிய காலம் அது.

அதற்கான விலையை முதலில் கேட்டது அவர்களைப் பெற்ற தாய்தான். மகன் இந்த மார்க்கத்தை விடும்வரை உண்ணவும் மாட்டேன், பருகவும் மாட்டேன் என்று அந்தத் தாய் சத்தியம் செய்து பட்டினி கிடந்தார். ஸஃத் (ரழி) அவர்கள் தாயின் மீது அளவு கடந்த பாசம் உள்ளவர்கள். ஆயினும் மார்க்கத்தை விடவில்லை. இணைவைக்கும்படி பெற்றோர் வற்புறுத்தினால் கட்டுப்பட வேண்டாம், ஆனால் உலக விடயங்களில் அவர்களோடு நல்ல முறையில் நடந்துகொள்ளுங்கள் என்ற கருத்திலான இறைவசனம் இவர்களது விடயத்தில் இறங்கியதாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

குடும்பம் என்றால் என்ன என்பதை ஸஃத் (ரழி) அவர்கள் இளம் வயதிலேயே பல கோணங்களில் பார்த்துவிட்டார்கள். தம்பி உமைர் (ரழி) அவர்கள் பத்ருப் போருக்குப் புறப்பட்டபோது சின்னப் பையன். வயதைக் காரணம் காட்டி நபியவர்கள் திருப்பி அனுப்ப முனைந்தபோது அழுது அனுமதி பெற்றார்கள். அந்தப் போரிலேயே ஷஹீதானார்கள். இன்னொரு சகோதரன் உத்பா உஹதுப் போரில் எதிர் அணியில் நின்றான். நபியவர்களின் முகத்தைக் காயப்படுத்தியவர்களில் அவனும் ஒருவன். அதே உஹதில் ஸஃத் (ரழி) அவர்கள் நபியவர்களுக்கு அரணாக நின்று அம்பெய்துகொண்டிருந்தார்கள். தனது தாயும் தந்தையும் உமக்கு அர்ப்பணமாகட்டும் என்ற பொருள்படும் வார்த்தையை நபியவர்கள் அன்று அவர்களுக்குச் சொன்னார்கள்.

மக்காவில் விழுந்த நோய்

ஹிஜ்ரி 10ஆம் வருடம், கி.பி. 632. ஹஜ்ஜதுல் வதாஃ என்ற இறுதி ஹஜ்ஜுக்காக நபியவர்களோடு மக்காவுக்குச் சென்றிருந்த வேளையில் ஸஃத் (ரழி) அவர்கள் கடுமையாக நோயுற்றார்கள். மரணத்தின் விளிம்புக்கே போய்விட்டதாக அவர்களே பிற்காலத்தில் விவரித்திருக்கிறார்கள். அப்போது வயது நாற்பதை நெருங்கியிருக்கும்.

அவர்களை அந்நேரம் வாட்டிய கவலைகள் இரண்டு. முதலாவது, எந்த ஊரை அல்லாஹ்வுக்காக விட்டு ஹிஜ்ரத் செய்தார்களோ அதே ஊரில் மௌத்தாகிவிடுவோமோ என்ற கவலை. ஸஃத் இப்னு கவ்லா (ரழி) என்ற இன்னொரு முஹாஜிர் மக்காவில் வபாத்தானதையிட்டு நபியவர்களே வருந்தியிருக்கிறார்கள். அந்தக் காலத்து முஹாஜிர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்பதை அதிலிருந்து விளங்கலாம்.

இரண்டாவது கவலை சொத்தைப் பற்றியது. அம்பு செய்த அந்த இளைஞர் இப்போது செல்வம் உள்ளவர். நேரடி வாரிசாக இருந்ததோ ஒரே ஒரு மகள்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. ஒரே மகளைத் தவிர தனக்கு வாரிசு இல்லை என்று அவர்கள் சொன்னதை, வேறு யாருமே சொத்தில் பங்கு பெற மாட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே மகளுக்கு குர்ஆன் நிர்ணயித்த பங்கு பாதி. மீதி, தந்தை வழி ஆண் உறவினர்களுக்குப் போகும். பனூ ஸுஹ்ராவில் அப்படிப்பட்ட உறவினர்கள் இருந்தார்கள். பிள்ளைகள் என்ற வகையில் ஒரு மகள்தான் என்பதே அவர்கள் சொன்னதன் பொருள் என்று இமாம்கள் விளக்குகிறார்கள்.

நபியவர்கள் நோய் விசாரிக்க வந்தார்கள். வந்த இடத்தில் ஸஃத் (ரழி) அவர்கள் நேரடியாகவே பேச்சைத் தொடங்கிவிட்டார்கள். மௌத்தைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. இப்போது எதற்கு அந்தப் பேச்சு, ஷிபா கிடைக்கும், படுங்கள் என்று நபியவர்கள் வாயை அடைக்கவும் இல்லை. நோயாளி கேட்டார், பதில் கிடைத்தது.

சொத்தில் மூன்றில் இரண்டை தர்மம் செய்துவிடலாமா என்பது முதல் கேள்வி. வேண்டாம் என்றார்கள் நபியவர்கள். பாதியைக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். அதுவும் வேண்டாம். மூன்றில் ஒன்றை என்று கேட்டபோதுதான் அனுமதி கிடைத்தது. அந்த அனுமதியோடு சேர்ந்தே, மூன்றில் ஒன்று என்பதும் அதிகம்தான் என்ற குறிப்பும் வந்தது. பிற்காலத்தில் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் இந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு, மக்கள் மூன்றில் ஒன்றிலிருந்தும் குறைத்து நான்கில் ஒன்றாக வஸிய்யத் செய்தால் நன்றாக இருக்கும் என்று விரும்பினார்கள்.

அதற்கு நபியவர்கள் காரணமும் சொன்னார்கள். வாரிசுகளைத் தேவையற்றவர்களாக, வசதியுள்ளவர்களாக விட்டுச் செல்வது, அவர்களை மக்களிடம் கையேந்தும் நிலையில் விட்டுச் செல்வதை விடச் சிறந்தது என்பதே அந்தக் காரணம். அதோடும் நிற்கவில்லை. அல்லாஹ்வின் திருப்பொருத்தத்தை நாடிச் செலவிடும் எதற்கும் கூலி உண்டு, மனைவியின் வாயில் ஊட்டும் ஒரு கவளத்துக்கும் கூலி உண்டு என்று விளக்கினார்கள்.

இந்தப் பதிலைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். கேட்டவர் சுவனவாதி. கேட்டதோ தர்மம் செய்ய. தடுத்தவர் தர்மத்தை உலகுக்கே கற்றுத்தந்த நபி (ஸல்) அவர்கள். ஆன்மிகத்தை ஒரு பக்கமும் குடும்பத்தை மறுபக்கமும் வைத்துப் பார்க்கும் நமது பழக்கத்தை இந்தப் பதில் உடைத்துவிடுகிறது. மகளுக்கு விட்டுச் செல்லும் பாதியும் இபாதத்தான். நிய்யத் சரியாக இருந்தால் அரிசிக் கடைக்குக் கொடுக்கும் காசும் ஸதகாதான்.

பிறகு நபியவர்கள் ஸஃத் (ரழி) அவர்களின் நெற்றியில் கையை வைத்து, முகத்தையும் வயிற்றையும் தடவி, அவரைக் குணப்படுத்துமாறும் அவரது ஹிஜ்ரத்தை முழுமையாக்குமாறும் துஆச் செய்தார்கள். அந்தக் கையின் குளிர்ச்சியை வாழ்நாள் முழுதும் தனது ஈரலில் உணர்ந்ததாக ஸஃத் (ரழி) அவர்கள் சொல்வதுண்டு. நீர் இன்னும் வாழக்கூடும், உம்மால் சில மக்கள் பயன் பெறுவார்கள், வேறு சிலர் பாதிப்படைவார்கள் என்ற முன்னறிவிப்பும் அந்தச் சந்திப்பிலேயே கிடைத்தது.

நோயோடு நடந்த காதிஸிய்யா

துஆ ஏற்கப்பட்டது. மரணப் படுக்கை என்று நினைத்த அந்தப் படுக்கையிலிருந்து எழுந்த ஸஃத் (ரழி) அவர்கள் அதன்பின் ஏறத்தாழ 45 வருடங்கள் வாழ்ந்தார்கள். ஆனால் நோயே இல்லாத மனிதராக வாழ்ந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது.

உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில், கி.பி. 636 அளவில், பாரசீகப் பேரரசின் தளபதி ருஸ்துமை எதிர்கொள்ளும் படைக்கு அவர்களே தலைவர். காதிஸிய்யாவில் படைகள் எதிரெதிரே நின்ற நாளில், தொடை நரம்பு வலியாலும் உடம்பில் கிளம்பிய கொப்புளங்களாலும் அவர்களால் குதிரையில் ஏற முடியவில்லை. உட்காரவும் முடியவில்லை. குதைஸ் என்ற கோட்டையின் மேல்தளத்தில் தலையணையில் நெஞ்சை அழுத்திக் குப்புறப் படுத்தபடி களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டளைகளைத் துண்டுகளில் எழுதிக் கீழே போட, காலித் இப்னு உர்ஃபுதா அவற்றைப் படையணிகளுக்குச் சேர்ப்பித்தார்.

தளபதி பெண்களோடு கோட்டைக்குள் இருந்துகொண்டார் என்று கேலிக் கவிதை பாடியவர்களும் இருந்தார்கள். ஸஃத் (ரழி) அவர்கள் தனது புண்களை வெளிப்படையாகக் காட்டியதும் படையினர் அவர்களது நிலையை ஏற்றுக்கொண்டார்கள். நோயாளியைப் பார்த்து, இவர் சாட்டுச் சொல்கிறார் என்று நினைக்கும் மனிதர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

சில நாட்கள் நீடித்த அந்தப் போரில் ருஸ்தும் கொல்லப்பட்டார். அடுத்த வருடம் பாரசீகத் தலைநகரான மதாயின் வீழ்ந்தது. ஹிஜ்ரி 17இல், கி.பி. 638 அளவில், கூபா நகரம் ஸஃத் (ரழி) அவர்களின் கையால் நிறுவப்பட்டது. பிற்காலத்தில் இமாம் அபூஹனீபா (ரஹ்) போன்ற மேதைகள் உருவான நகரம் அது. மக்காவில் படுத்திருந்தபோது சொல்லப்பட்ட அந்த முன்னறிவிப்பின் பொருள் அப்போது எல்லோருக்கும் விளங்கியிருக்கும்.

அதே கூபா மக்கள்தான் பிறகு அவர்களைப் பற்றி உமர் (ரழி) அவர்களிடம் முறைப்பாடு செய்தார்கள். தொழுகையைக்கூடச் சரியாக நடத்துவதில்லை என்பது முறைப்பாடுகளில் ஒன்று. விசாரணை நடந்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் குழப்பத்தைத் தவிர்க்க உமர் (ரழி) அவர்களைப் பதவியிலிருந்து எடுத்தார்கள். குத்துப்பட்டு மரணத் தறுவாயில் இருந்தபோது அடுத்த கலீபாவைத் தெரிவு செய்ய நியமித்த ஆறு பேரில் ஸஃத் (ரழி) அவர்களையும் சேர்த்த உமர் (ரழி), இயலாமையாலோ மோசடியாலோ நான் அவரை நீக்கவில்லை என்று தெளிவாக்கிவிட்டே கண்ணை மூடினார்கள். அந்தத் தெரிவில் ஸஃத் (ரழி) தனது உரிமையை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய வாப்பா

மக்காவில் நோயுற்றபோது ஒரே மகள். அதற்குப் பிறகு அல்லாஹ் பல ஆண் மக்களையும் பல பெண் மக்களையும் கொடுத்தான். அந்தப் பிள்ளைகளை அவர்கள் எப்படி வளர்த்தார்கள் என்பதற்கு ஸஹீஹுல் புகாரியில் ஓர் அழகான சான்று இருக்கிறது. ஆசிரியர் ஒருவர் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பதைப் போல ஸஃத் (ரழி) தனது பிள்ளைகளுக்கு ஒரு துஆவைக் கற்றுக்கொடுப்பார்கள் என்று அந்த அறிவிப்பு சொல்கிறது. கோழைத்தனம், தள்ளாத முதுமைக்குத் தள்ளப்படுதல், உலகின் சோதனை, கப்றின் வேதனை ஆகியவற்றிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடும் துஆ அது.

முதலாம் தரப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு அந்த உவமையின் பொருள் நன்றாக விளங்கும். ஒரு தடவை சொல்லிவிட்டுப் போகும் வேலை அல்ல அது. கையைப் பிடித்து, வளைவைக் காட்டி, அழித்து, மறுபடி எழுத வைத்து, நாளைக்கும் அதையே செய்ய வேண்டும். பாரசீகத்தை வென்ற தளபதி வீட்டில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள்.

அதன் பலன் தெரிந்தது. ஆமிர், முஸ்அப் ஆகிய மக்கள் இருவரும் நம்பகமான ஹதீஸ் அறிவிப்பாளர்களானார்கள். மூன்றில் ஒன்று பற்றிய ஹதீஸ் நமக்குக் கிடைப்பதே பெரும்பாலும் ஆமிர் வழியாகத்தான். பேரர் இஸ்மாயீல் இப்னு முஹம்மதும் அறிவிப்பாளர். நபியவர்களின் போர் வரலாறுகளைத் தனது வாப்பா தங்களுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்ததாக அவர் நினைவுகூர்ந்துள்ளார். பாட்டனார் தொடங்கிய வீட்டுப் பாடம் பேரப்பிள்ளைகள் வரை தொடர்ந்திருக்கிறது.

மகள் ஆயிஷா பின்த் ஸஃத் அவர்களின் விடயம் இன்னும் கவனிக்கத்தக்கது. நபியவர்கள் நெற்றியில் கை வைத்துத் துஆச் செய்த செய்தியைத் தனது வாப்பாவிடமிருந்து கேட்டு நமக்கு அறிவிப்பவர் இவர்தான். இவரை அந்த ஒரே மகள் என்று சிலர் நினைப்பதுண்டு. ஆனால் இவர் பிறந்தது அந்த நோய்க்கு இருபது வருடங்களுக்குப் பிறகு. ஸஃத் (ரழி) அவர்கள் அன்று மக்காவில் வபாத்தாகியிருந்தால் இந்த மகள் உலகுக்கு வந்தே இருக்க மாட்டார். பிறக்காத மகளின் வாயால் அந்த நோயின் செய்தி நம்மை வந்தடைய வேண்டும் என்று அல்லாஹ் ஏற்பாடு செய்திருந்தான். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் சந்தித்து ஹதீஸ் கேட்ட பெண்மணி இவர்.

ஒட்டகங்களோடு ஒதுங்கிய நாட்கள்

உஸ்மான் (ரழி) அவர்கள் ஷஹீதாக்கப்பட்ட பிறகு முஸ்லிம்களின் வாள்கள் ஒருவரை ஒருவர் நோக்கித் திரும்பின. ஸஃத் (ரழி) எந்தப் பக்கமும் சேரவில்லை. மதீனாவுக்கு வெளியே ஒட்டகங்களோடும் ஆடுகளோடும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

ஒருநாள் மகன் உமர் வாகனத்தில் வருவதைத் தூரத்தில் கண்டதுமே, இந்த வருபவரின் தீங்கிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள். ஒரு வாப்பா பெற்ற மகனைக் கண்டு அப்படிச் சொல்வதென்றால் அந்த மனதில் எவ்வளவு வலி இருந்திருக்க வேண்டும். வந்த மகன், மக்கள் ஆட்சிக்காகப் போட்டியிட்டுக்கொண்டிருக்க நீங்கள் இங்கே ஒட்டகங்களோடு இருக்கிறீர்களே என்று கடிந்தார். ஸஃத் (ரழி) மகனின் நெஞ்சில் அடித்து வாயை மூடச் சொன்னார்கள். இறையச்சமும் போதுமென்ற மனமும் கொண்டு, வெளியே தெரியாமல் வாழும் அடியானை அல்லாஹ் நேசிக்கிறான் என்ற கருத்திலான நபிமொழியை எடுத்துக்காட்டினார்கள்.

அந்த மகன் கேட்கவில்லை. வாப்பா வபாத்தாகி சில வருடங்களில், ஹிஜ்ரி 61இல், ரய் என்ற பிரதேசத்தின் ஆளுநர் பதவிக்கு ஆசைப்பட்டு, கர்பலாவில் ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு எதிரான படைக்குத் தலைமை தாங்கியவர் இதே உமர் இப்னு ஸஃத்தான். அந்தப் பதவியும் நிலைக்கவில்லை. சில வருடங்களில் அவரும் கொல்லப்பட்டார்.

ஒரே வாப்பா, ஒரே வீடு, ஒரே பாடம். ஆமிரும் முஸ்அபும் ஆயிஷாவும் அதைக் காப்பாற்றி அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். உமர் அதை விற்றுவிட்டார். பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்லலாம். அதை அவர்கள் எப்படிப் பாவிப்பார்கள் என்பது நமது கையில் இல்லை. நல்ல பெற்றோருக்குத் தவறான பிள்ளை அமைந்துவிட்டால் பெற்றோரின் வளர்ப்பையே குறை சொல்லும் ஊர்வாய், ஸஃத் (ரழி) அவர்களின் வீட்டை ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கம்பளி ஜுப்பாவும் மதீனாவின் தோள்களும்

இறுதி நோய் வந்தபோது அவர்கள் மதீனாவிலிருந்து சுமார் பத்து மைல் தொலைவிலுள்ள அகீக்கில் இருந்தார்கள். ஹிஜ்ரி 55 அளவு அது. மக்காவில் பாதியில் நின்ற அந்தப் பேச்சை இப்போது நிதானமாக முடிக்க வாய்ப்புக் கிடைத்தது. நபியவர்களுக்குச் செய்யப்பட்டதைப் போலத் தனக்கும் உட்குழி வெட்டி, சுடாத மண்கற்களை நட்டு வைக்கும்படி வஸிய்யத் செய்தார்கள். பழைய கம்பளி ஜுப்பா ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, பத்ரில் அணிந்திருந்த அதிலேயே கபனிடும்படி சொன்னதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

மகன் முஸ்அபின் மடியில் தலை இருந்தது. மகன் அழ, வாப்பா ஆறுதல் சொன்னார்கள். ஜனாஸாவை மக்கள் தோளில் சுமந்தே மதீனாவுக்குக் கொண்டுவந்தார்கள். நபியவர்களின் மனைவியரான முஃமின்களின் தாய்மார் தாங்களும் தொழுகை நடத்துவதற்காக ஜனாஸாவைப் பள்ளிவாசலுக்குள் கொண்டுவரச் செய்தார்கள். பகீஃயில் அடக்கம் நடந்தது. சுவனம் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் கடைசியாக வபாத்தானவர்கள் இவர்களே.

விட்டுச் சென்ற செல்வம் இரண்டரை இலட்சம் திர்ஹம் என்று இப்னு ஸஃத் தனது நூலில் பதிவு செய்துள்ளார். பெரிய தொகை அது. எவரிடமும் கையேந்தாத நிலையில் வாரிசுகளை விட்டுச் செல்லுங்கள் என்ற அறிவுரையை அவர்கள் மறக்கவில்லை. தனக்கென்று எடுத்துச் சென்றதோ ஒரு பழைய கம்பளி ஜுப்பா.

நமது வீடுகளுக்கு

ஐந்து வேளை தொழும் குடும்பங்களிலும் வாரிசுரிமை விடயத்தில் பெரும் அலட்சியம் இருக்கிறது. வகுப்பில் வாரிசுரிமைப் பாடம் நடத்தும்போது பிள்ளைகள் பங்குகளைச் சரியாகக் கணக்கிட்டு முழுப் புள்ளியும் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் தங்கள் வீட்டுக் காணி உறுதி யார் பெயரில் இருக்கிறது, வாப்பா யாருக்குக் கடன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பல வீடுகளில் உம்மாமாருக்கும் தெரியாது.

ஸஃத் (ரழி) அவர்களின் வாழ்விலிருந்து நடைமுறைக்கு எடுக்க வேண்டிய விடயங்கள் சில உண்டு.

நோயாளிக்கு ஷிபாவுக்காக துஆக் கேட்பதும் அவரது சொத்து விடயங்களைப் பேசுவதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. அந்த நோய்ப் படுக்கையில் இரண்டும் ஒரே சந்திப்பில் நடந்தன. வஸிய்யத் பற்றிப் பேசியதால் அவர்கள் மௌத்தாகிவிடவில்லை. 45 வருடங்கள் வாழ்ந்தார்கள்.

முதலில் கடன்களும் அமானிதங்களும் எழுதப்பட வேண்டும். கடன் தீர்க்கப்பட்ட பிறகே வஸிய்யத், அதன் பிறகே வாரிசுகளின் பங்கு. அடகில் இருக்கும் நகை, சீட்டுக் காசு, கடையின் கொப்பியில் உள்ள பாக்கி எல்லாம் இதில் அடங்கும்.

தர்மத்துக்கான வஸிய்யத் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது. மரண நோயில் இருக்கும்போது கொடுக்கும் அன்பளிப்பும் இந்த எல்லைக்குள்தான் வரும். பங்கு பெறும் வாரிசுக்கு வஸிய்யத் கிடையாது. வஸிய்யத் இல்லாமல் மரணிப்பவரின் சொத்து அவரவர் மத்ஹபின் சட்டப்படி பிரிக்கப்பட வேண்டும் என்று 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நமக்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் நாட்டின் பொதுச் சட்டப்படி நொத்தாரிசு முன் எழுதும் மரண சாசனத்தில் மூன்றில் ஒன்று என்ற எல்லை தானாக வந்து உட்காராது. அதை எழுதுபவர்தான் கவனிக்க வேண்டும். ஓர் ஆலிமிடமும் ஒரு சட்டத்தரணியிடமும் கேட்டுவிட்டு எழுதுவது பாதுகாப்பானது.

பெண் பிள்ளைகளின் பங்கை அவர்கள் வெட்கப்பட்டுக் கேட்காமல் இருப்பதை, அவர்கள் விட்டுக்கொடுத்ததாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. சீதனமாக வீடு கொடுத்தாயிற்று, இனி அவளுக்கு என்ன பங்கு என்று கேட்பவர்கள் கிழக்கிலும் இருக்கிறார்கள், மற்றப் பகுதிகளிலும் இருக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது கொடுத்தது அன்பளிப்பு. மௌத்துக்குப் பின் வருவது அல்லாஹ் விதித்த பங்கு. இரண்டையும் கலக்க நமக்கு அதிகாரம் இல்லை.

கடைசியாக, எழுதிவைக்க எந்தச் சொத்தும் இல்லாத நோயாளிகளும் நம்மிடையே ஏராளம். இருந்த காணியை வைத்தியத்துக்கு விற்றவர்களும் அவர்களில் உண்டு. அப்படிப்பட்டவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு எதுவும் விட்டுச் செல்லவில்லை என்று கலங்க வேண்டாம். இரண்டரை இலட்சம் திர்ஹமும் ஒரு தலைமுறையில் பிரிந்து போயிற்று. எழுத்துக் கற்றுக்கொடுப்பது போலப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த அந்த துஆ இன்றும் நமது பிள்ளைகள் தொழுகையில் ஓதும் துஆக்களில் இருக்கிறது. அதைக் கற்றுக்கொடுக்கப் பணம் தேவையில்லை. படுக்கையில் இருந்தபடியே செய்யலாம்.

நோயுற்றிருக்கும் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிபாவைத் தருவானாக. விட்டுச் செல்பவர்களுக்கு நீதியையும், பெற்றுக்கொள்பவர்களுக்கு நன்றியுணர்வையும் தருவானாக. ஆமீன்.